குழாய் எங்கே வெடிக்கிறது?

"குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் நீர்க்குழாய்கள் வெடிப்பது ஏன்?" இந்த வினாவைக் கேட்காத அறிவியல் ஆசிரியர் நம்மிடையே இருக்க மாட்டார். விடையும் மனப்பாடம்தான்: நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது பருமன் அதிகரிக்கிறது, அதனால் குழாய் வெடிக்கிறது. இரண்டு மதிப்பெண்.

விடையில் தவறில்லை. ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. குழாய் எந்த இடத்தில் உடைகிறது? எப்போது உடைகிறது? தண்ணீரைச் சொட்டவிட்டால் உடைவதில்லை என்கிறார்களே, அது ஏன்? இவற்றுக்கு அந்த இரண்டு வரியில் பதில் இல்லை. பனிநாட்டில் வீடு எடுத்துத் தங்கும் ஒருவருக்குத் தேவைப்படுவதோ இந்தப் பதில்கள்தான். நம் மாணவர்களில் பலர் இன்று அப்படிப்பட்ட ஊர்களில் இருக்கிறார்கள்.

ஒரு சொல் விளக்கம். தண்ணீர் ஓடும் பைப்பையும், திருகித் திறக்கும் முனையையும் தமிழில் 'குழாய்' என்றே சொல்கிறோம். குழப்பம் வராமலிருக்க, திருகித் திறப்பதை இக்கட்டுரையில் 'டேப்' என்று எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் அமெரிக்காவின் டாலஸ் நகருக்கு அருகில் குடும்பத்துடன் வசிக்கிறார். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தை உலுக்கிய பனிப்புயல் ஓய்ந்தபின் தொலைபேசியில் பேசினார். "சார், ஐஸ் பிடிச்சது பரண்ல. பைப் உடைஞ்சது கீழே பாத்ரூம் சுவருக்குள்ள. நீங்க சொல்லிக் கொடுத்தபடி பார்த்தா ஐஸ் இருந்த இடத்துலதானே உடையணும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. விஷயம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில், உறையும் நீருக்கு எவ்வளவு வலு உண்டு என்று பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கனடாவின் கியூபெக்கில் மேஜர் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி ஒரு சோதனை செய்தார். 13 அங்குல இரும்புக் குண்டின் உள்ளே நீரை நிரப்பி, அதன் துளையை இரும்பு அடைப்பானால் இறுக்கி, கடுங்குளிரில் வெளியே வைத்தார். உறைந்த நீர் அந்த அடைப்பானை 415 அடி தூரத்துக்கு எறிந்தது. துளை வழியாக உருளை வடிவில் பனிக்கட்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு முறை அடைப்பான் அசையவில்லை, குண்டே பிளந்தது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் அறுகோண அமைப்பில் விலகி நிற்பதால், அதே நிறை நீர் சுமார் 9 விழுக்காடு கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது. அந்த இடத்தைத் தராமல் அடக்கிவைக்க முயன்றால் அழுத்தம் ஏறுகிறது. மைனஸ் 22 டிகிரி செல்சியஸ் வரை நீரை உறையவிடாமல் அழுத்தியே வைத்திருக்க வேண்டுமானால் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 2000 மடங்கு வேண்டும். வீட்டுக் குழாய் எதுவும் அதைத் தாங்காது.

ஆனால் வீட்டுக் குழாய் மூடிய இரும்புக் குண்டு அல்ல. அதன் ஒரு முனை தெருவிலுள்ள பெரிய குழாயோடு இணைந்திருக்கிறது. மறுமுனையில் மூடிய டேப். நடுவில் ஓரிடத்தில், பரணிலோ வெளிச்சுவரை ஒட்டியோ, குளிர் பிடிக்கிறது. அங்கே பனிக்கட்டி உருவாகிக் குழாயை அடைக்கிறது. பனிக்கட்டி விரியும்போது தெருப் பக்கமுள்ள நீரைப் பின்னால் தள்ளிவிடலாம். அந்தப் பக்கம் திறந்திருப்பதால் பொதுவாகச் சிக்கல் இல்லை. டேப் பக்கமுள்ள நீருக்குப் போக வழியில்லை. முன்னே மூடிய டேப், பின்னே பனிக்கட்டி. பனிக்கட்டி வளர வளர அந்த நீர் நசுக்கப்படுகிறது.

ஒரு சிறு கணக்கு போடலாம். பனிக்கட்டி அடைப்புக்கும் டேப்புக்கும் இடையே 1 மீட்டர் நீளத்துக்கு நீர் சிக்கியிருக்கிறது என்று கொள்வோம். அதில் 11 செ.மீ. நீளம் உறைகிறது. உறைந்தபின் அதற்கு 12 செ.மீ. இடம் வேண்டும். ஆகவே மீதியுள்ள 89 செ.மீ. நீர் 88 செ.மீ. இடத்துக்குள் அடங்க வேண்டும். காற்றாக இருந்தால் சிரித்துக்கொண்டே அடங்கும். நீர் அப்படியில்லை. அதை 1 விழுக்காடு சுருக்கவே வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 220 மடங்கு தேவை. வீட்டுக் குழாயில் வழக்கமாக இருக்கும் அழுத்தம் 3 அல்லது 4 மடங்குதான். குழாய்ச் சுவரும் சற்று விரிந்து கொடுக்கும் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் ஒரு சாண்கூட உறையாமலே நிலைமை எங்கே போகிறது என்பது தெரிகிறது அல்லவா?

பாஸ்கல் விதிப்படி இந்த அழுத்தம் சிக்கிய நீர் முழுவதும் சமமாகப் பரவுகிறது. எனவே பனிக்கட்டி இருக்குமிடத்தில்தான் உடைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த நீளத்தில் எந்த இடம் பலவீனமோ, எந்த இணைப்பு சரியில்லையோ, அது விட்டுக்கொடுக்கும். என் மாணவரின் வீட்டில் நடந்தது இதுதான். உறைந்தது பரணில், பலவீனமான இடம் குளியலறைச் சுவருக்குள்.

தாமிரக் குழாய் உடையும்போது பெரும்பாலும் நீளவாக்கில் பிளக்கிறது. முற்றிய உளுந்து நெற்று வெயிலில் வெடிப்பதைப் பார்த்திருப்போம், அதைப்போல. உள்ளிருந்து அழுத்தும் நீர் உருளையைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை, நீளவாக்கில் இழுக்கும் விசையைப்போல் இருமடங்கு. ஆகவே சுற்றுவாக்கில் முதலில் தோற்கிறது. பிளவின் நடுப்பகுதி மீன் வாய்போல் திறந்து நிற்கும். பெக்ஸ் எனப்படும் வளையும் நெகிழிக் குழாய் விரிந்து கொடுப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். அதன் இணைப்புகள் தப்பும் என்று சொல்ல முடியாது. பி.வி.சி. வகைக் குழாய்கள் நொறுங்கும்.

எப்போது உடைகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. குழாயில் உள்ள நீர் 0 டிகிரியைத் தொட்டதும் உறைந்துவிடுவதில்லை. அசையாமல் நிற்கும் நீர் 0 டிகிரிக்குக் கீழே சில டிகிரி வரை நீராகவே இறங்கும். பிறகு திடீரென்று மரக்கிளைபோல் மெல்லிய பனி இதழ்கள் குழாய் முழுவதும் படரும். மைனஸ் 4 டிகிரிக்குக் குளிர்ந்த நீரில் அந்தக் கணத்தில் எவ்வளவு பனி உண்டாகும்? பத்தாம் வகுப்பு மாணவரே கணக்கிடலாம். நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் 4.2, உருகுதலின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 334 ஜூல். 4.2 × 4 ÷ 334 என்றால் 0.05. நூற்றில் ஐந்து பங்குதான் பனி. ஆனால் வலைபோல் பின்னிக்கிடக்கும் அந்த ஐந்து பங்கே ஓட்டத்தைத் தடுக்கப் போதும். இந்த நிலையில் டேப்பைத் திறந்தால் தண்ணீர் வராது. குழாயும் இன்னும் உடைந்திருக்காது. ஆபத்து வருமுன் கிடைக்கும் அறிவிப்பு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

1990களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டட ஆய்வு அமைப்பு, பரணில் ஓடும் உறையிடாத குழாய்களை வைத்து ஆராய்ந்தது. வெளியே வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி அளவுக்கு இறங்கும்போது உறைதல் தொடங்குகிறது என்று கண்டது. அந்நாட்டின் தென் மாநிலங்களில் இன்று எச்சரிக்கைக்கு அடையாளமாகச் சொல்லப்படும் எண் இது. உதகையில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்மீது உறைபனி வெள்ளையாகப் படிகிறது. அங்கே பொதுவாகக் குழாய்கள் வெடிப்பதில்லை. அந்தக் குளிர் ஒருசில மணி நேரமே நீடிக்கிறது, வெயில் ஏறியதும் எல்லாம் இளகிவிடுகிறது. குழாய் உறைய எவ்வளவு குளிர் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர வேண்டும். நீலகிரி மாவட்ட ஆசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது.

டெக்சாஸில் 2021இல் இரண்டும் சேர்ந்தன. பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி பதிவானது. 45 இலட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் போனது; அதனால் வீட்டைச் சூடாக்கும் கருவிகள் நின்றன. வெப்ப மாநிலம் என்பதால் அங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் பரண் வழியே செல்கிறது. வடக்கே மினசோட்டாவில் வீடு கட்டுபவர் இப்படிச் செய்யத் துணிய மாட்டார். அந்தப் புயலில் மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தனர். பெரும்பாலோர் குளிர் தாங்காமல். குழாய்கள் உடைந்ததாலும் நீரேற்று நிலையங்கள் நின்றதாலும் 1 கோடிக்கும் மேற்பட்டோர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியிருந்தது.

குளிர் உச்சத்தில் இருந்தபோது பல வீடுகளில் சேதம் தெரியவில்லை. குழாய் பிளந்தாலும் பனிக்கட்டியே பக்கத்தில் அடைப்பாக நின்றது. வெயில் வந்து அது உருகியதும் தெருக்குழாயின் முழு அழுத்தத்தோடு தண்ணீர் கூரையிலிருந்து கொட்டியது. என் மாணவரின் வீட்டிலும் அப்படித்தான். முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதிகளில் அது பெரும்பாலும் வீட்டின் முன்புறம், நடைபாதை ஓரம் மண்ணுக்குள் இருக்கும் மீட்டர் பெட்டியில் இருக்கும். மூடியைத் தூக்கித் தனிச் சாவியால் திருப்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மூடும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாம். குளிர் நாட்டில் குடியேறுபவர் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் முதன்மை வால்வைப் பார்த்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, குழாய் உறைந்துவிட்டது, இன்னும் உடையவில்லை. என்ன செய்வது? முதல் வேலை டேப்பைத் திறந்துவிடுவது. சிக்கிய நீருக்கு வழி கிடைத்துவிட்டால் அழுத்தம் ஏறாது. அடுத்து, முதன்மை வால்வை மூடலாம், அல்லது மூடத் தயாராக ஒருவரை நிறுத்தலாம். ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத பிளவு இருந்தால் உருகியதும் பீறிடும். பிறகுதான் சூடு. ஹேர் டிரையர், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு, மின் ஒத்தடப் பை ஆகியவை போதும். டேப் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிப் போக வேண்டும். உருகிய நீர் திறந்த டேப் வழியே வெளியேறிவிடும். நடுவிலிருந்து தொடங்கினால் அது இரண்டு பக்கமும் பனிக்கு நடுவே சிக்கிக்கொள்ளும்.

தீச்சுடர் மட்டும் கூடவே கூடாது. ஊதுவிளக்கைக் குழாய்மீது காட்டி வீட்டையே எரித்தவர்கள் உண்டு. அங்கே சுவர்களுக்குள் இருப்பது மரச்சட்டங்கள், காய்ந்த பஞ்சுபோன்ற பொருள்கள். தவிர, அடைபட்ட நீர் கொதித்து நீராவியானால் வெடிப்பு இன்னும் மோசமாகும்.

உடைந்துவிட்டால் வால்வை மூடி, எல்லா டேப்பையும் திறந்து நீரை வடிக்க வேண்டும். பிளவைச் சுற்றி ரப்பர் தகடு வைத்து இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டுவது ஓரிரு நாளைக்குத் தாங்கும். நிரந்தரமாகச் சரிசெய்ய, பிளந்த பகுதியை இரு பக்கமும் நல்ல குழாய் வரும்வரை வெட்டி எடுத்து, முனையின் பிசிறை நீக்கி, புதுத் துண்டை இரண்டு கப்ளிங் வைத்துச் சேர்ப்பார்கள். அழுத்திச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் கப்ளிங்கும் உண்டு. தாமிரத்தைப் பற்றவைத்தும் இணைக்கலாம். பற்றவைக்கும்போது குழாய்க்குள் ஒரு சொட்டு நீர் இருந்தாலும் சூடு ஏறாது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், உலோகம் ஒட்டாது. பழைய பிளம்பர்கள் இதற்கு வைத்திருந்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டிக் குழாய்க்குள் திணிப்பார்கள். கசியும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். வேலை முடிந்து தண்ணீரைத் திறந்தால் ரொட்டி கரைந்து டேப் வழியே போய்விடும். உள்ளுறை வெப்பப் பாடத்தில் சொல்லத் தகுந்த செய்தி.

வருமுன் காப்பதில், டேப்பைச் சொட்டவிடும் பழக்கத்துக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும். ஓடும் நீர் உறையாது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். மண்ணுக்கடியிலிருந்து வரும் சற்று வெதுவெதுப்பான நீர் குழாய்க்குள் வந்துகொண்டே இருப்பது உண்மைதான். ஆனால் சொட்டுச் சொட்டாக ஓடுவது கடுங்குளிரில் உறையவும் கூடும். அப்போதும் திறந்த டேப் காப்பாற்றுகிறது. வழி திறந்திருக்கிறது, அழுத்தம் ஏறுவதில்லை. இதிலும் ஓர் எல்லை உண்டு. ஊரே ஒரே இரவில் டேப்பைத் திறந்துவைத்தால் நகரின் நீரழுத்தம் விழும். 2021இல் ஹூஸ்டனில் சொட்டவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. அப்படிப்பட்ட வேளையில் முதன்மை வால்வை மூடிக் குழாய்களை வடித்துவிடுவதே நல்லது. குழாயில் நீர் இல்லையென்றால் வெடிக்க ஒன்றுமில்லை.

குழாயைச் சுற்றி நுரைப்பஞ்சு உறை போடுவார்கள். கம்பளி சூடு தருகிறது என்று நம் பிள்ளைகள் எழுதுவதைப்போல், உறை போட்டால் குழாய் சூடாகும் என்று அங்கேயும் பலர் நினைக்கிறார்கள். அரிதிற்கடத்தி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளிருப்பது வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஓரிரவுக் குளிருக்கு அந்தத் தாமதம் போதும். நான்கு நாள் குளிருக்குப் போதாது. அதற்கு மின்சாரத்தால் சூடாகும் கம்பியைக் குழாய்மீது ஓட்ட வேண்டும், அல்லது வீட்டின் வெப்பம் குழாயை அடைய வேண்டும். குளிர் இரவில் சமையலறைத் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவைக்கச் சொல்வது இதனால்தான். வெளியூர் போகிறவர்களும் வீட்டை 13 டிகிரிக்குக் கீழே விடுவதில்லை.

பிரிட்டனில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே பழைய வீடுகளில் தண்ணீர்த் தொட்டி பரணில் இருக்கும். வீட்டு வெப்பம் வீணாகக் கூடாது என்று பரணின் தரையில் கனமாகப் பஞ்சுறை விரித்தார்கள். வீடு கதகதப்பானது, கீழிருந்து வந்த வெப்பம் நின்றதால் பரண் முன்பைவிடக் குளிர்ந்தது, தொட்டியும் குழாயும் உறையத் தொடங்கின. எனவே தொட்டிக்கு நேர்கீழே மட்டும் உறை போடாமல் விட்டு, தொட்டியின் பக்கங்களையும் மேற்புறத்தையும் மூடச் சொல்கிறார்கள்.

மண்ணுக்கடியில் குழாய் புதைக்கும் ஆழமும் ஊருக்கு ஊர் மாறுகிறது. பிரிட்டனில் குறைந்தது 75 செ.மீ. கனடாவின் வினிபெக் போன்ற ஊர்களில் ஏழெட்டு அடி. 2014இல் வினிபெக்கில் குளிர் நீடித்ததால் உறைபனி அந்த ஆழத்தையும் எட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் வாங்கினார்கள். இரவும் பகலும் டேப்பைப் பென்சில் தடிமனுக்கு ஓடவிடச் சொன்னது நகராட்சி. வியப்பு என்னவென்றால், மேலே வெயில் வந்த பிறகும் வாரக்கணக்கில் புதிதாகக் குழாய்கள் உறைந்தன. மண் வழியே குளிர் மெதுவாகத்தான் கீழே இறங்குகிறது.

வகுப்பில் இதைக் காட்டப் பனிப்பெட்டிகூட அவசியமில்லை. மருந்துக் கடையில் ஊசி இல்லாத புதிய 10 மி.லி. சிரிஞ்ச் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் காற்றையும் மற்றொன்றில் குமிழி இல்லாமல் நீரையும் நிரப்பி, முனையைக் கட்டைவிரலால் அடைத்து மாணவரை அழுத்தச் சொல்லுங்கள். காற்று இறங்கும், நீர் அசையாது. பிறகு விரலைச் சற்றே விலக்கச் சொல்லுங்கள்; திறந்த டேப் என்ன செய்கிறது என்று அந்த மாணவரே சொல்வார். தொடக்க வகுப்புகளுக்கு, நெகிழிக் குவளையில் நீர் ஊற்றி மட்டத்தைப் பேனாவால் குறித்து, பக்கத்துக் கடையின் ஐஸ் பெட்டியில் ஒருநாள் வைத்து வாங்கி வந்தால் போதும். கண்ணாடி வேண்டாம்.

உயர்நிலை வகுப்பில் கரும்பலகையில் ஒரு வீட்டை வரையுங்கள். தெருக்குழாய், பரண், சுவர், மூடிய டேப். பரணில் ஒரு பனி அடைப்பைக் குறித்துவிட்டு, குழாய் எங்கெல்லாம் உடையலாம் என்று பிள்ளைகளை வந்து பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். முதலில் வருபவர்கள் அடைப்பின் மேலேயே போடுவார்கள். காத்திருங்கள், யாராவது ஒருவர் டேப் பக்கம் கையைக் கொண்டுபோவார். அவரிடம் காரணம் கேளுங்கள்.